2563 இருக்கைகள்

மதுரைத் தங்கம் தியேட்டரில் 2563 இருக்கைகள் இருந்தன. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரில் சொல்வோம். சொல்லும்போது, என்னவோ நாங்களே கல் சுமந்து கட்டியதுபோல் குரல் உயரும்.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1951 கணக்கெடுப்பில் மதுரையின் மக்கள்தொகை 3,60,000-க்குச் சற்று மேல். தினம் மூன்று காட்சி, அரங்கு நிறைந்து ஓடினால் 7689 பேர். கைப்பிள்ளை முதல் படுத்த கிழவர் வரை ஊரே கிளம்பி வந்தாலும், ஒன்றரை மாதத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் படம் பார்த்துவிடலாம். திருமலை நாயக்கர் மகால் ராஜாவுக்காகக் கட்டியது. இது டிக்கெட் வாங்கிய யாருக்கும் கட்டியது. ஊர் மொத்தமும் வரட்டும் என்று நினைத்துக் கட்டிய இடம் மதுரையில் வேறு எது? யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

*

1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’தான் அங்கே முதல் படம். சிவாஜி கணேசனுக்கும் அதுவே முதல் படம். கிருஷ்ணன் – பஞ்சு இயக்கம், கலைஞர் வசனம். ரங்கூனிலிருந்து வரும் அண்ணன் தேடி அலையும் தங்கை கல்யாணி வாழ்வது மதுரையில். புத்தம் புதிய கொட்டகையில், தன் ஊரின் பெயரைத் திரையிலிருந்து கேட்ட கூட்டம் எப்படி ஆரவாரம் செய்திருக்கும்!

என் அப்பத்தா அந்த நாட்களில் அதைப் பார்த்தவர். கதையைக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். கொட்டகையைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு நீளும். “படத்தை எங்க பாத்தேன், முகட்டையில்ல பாத்துக்கிட்டு இருந்தேன். இம்புட்டு அகலத்துக்கு நடுவுல ஒரு தூணு இல்லையேன்னு எனக்குப் பயம்” என்பார். ஓட்டு வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது பெரிய அதிசயம்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

*

பெரிய அரங்கில் சத்தம் தாமதமாக வரும். ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால். திரையில் கண்ணுக்குத் தெரியாத பொடி ஓட்டைகள் வழியாகத்தான் குரல் வெளியே வரும். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. நாற்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு, உதடு அசைந்து கிட்டத்தட்ட மூன்று ஃபிரேம் கழித்துத்தான் சொல் வந்து சேரும். முன்வரிசைக்காரர் கேட்டு முடித்த சொல்லைப் பின்வரிசைக்காரர் அப்போதுதான் கேட்பார்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பிற்பாடு. சின்ன வயதில் உடம்புக்குத் தெரிந்தது வேறு. நகைச்சுவைக் காட்சியில் சிரிப்பு முன்னாலிருந்து கிளம்பி, இருட்டில் உருண்டு வந்து, என் வரிசையைத் தாண்டிப் பின்னால் போகும். பால்கனி சிரித்து முடிப்பதற்குள் கீழே அடுத்த சிரிப்பு தொடங்கியிருக்கும். முகம் தெரியாத அத்தனை பேரின் மூச்சு அது. அழுகைக் காட்சியில் இன்னும் உற்றுக் கேட்பேன். இரண்டாயிரம் பேர் வாய்மூடி இருப்பதற்கென்று ஒரு ஓசை உண்டு. மின்விசிறிச் சத்தம் மட்டும் மேலெழுந்து வரும். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கும். அதன் தாய் ‘உஸ்’ என்பது அரங்கு முழுக்கக் கேட்கும். அந்த மாதிரி அமைதியை நான் தனியாக இருந்து ஒருபோதும் அடைந்ததில்லை.

*

எங்கள் தெருவில் ஓர் ஆபரேட்டர் மாமா இருந்தார். வேறொரு டாக்கீஸில் வேலை. ஒருநாள் மேலே கூட்டிப்போய்க் காட்டினார். இரண்டு புரொஜெக்டர்கள். உள்ளே இரண்டு கார்பன் குச்சிகள் முனைக்கு முனை நெருங்கி எரியும். எரிய எரியக் குறையும், குறையக் குறைய நெருக்கி வைக்க வேண்டும். விட்டால் திரை மங்கிவிடும், கீழே விசில் பறக்கும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி மின்னி மறையும். முதல் புள்ளிக்கு அடுத்த மெஷினின் மோட்டார் ஓடத் தொடங்கும். இரண்டாவது புள்ளிக்கு வெளிச்சம் மாறும். மாமாவின் கை அந்த நேரத்தில் விசைமேல் இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தியது நினைவிருக்கிறது, கண் இமைக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றும் என்னை விட்டுப் போகவில்லை. ஃபிலிம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகரும்போது அந்த நகர்வு தெரியாமல் இருக்க, ஷட்டர் வெளிச்சத்தை மறைக்கும். அப்படி மறைந்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் காட்சியில் ஏறக்குறைய பாதி நேரம் திரை இருட்டாகவே இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வெறும் இருட்டின் முன்னால் இத்தனை பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். அந்த இருட்டையும் எங்கள் கண் கதையால் நிரப்பிக்கொண்டது.

*

அந்தப் பிரம்மாண்டமே பிறகு பாரமானது. ஒரு ஊருக்கு ஒரு தியேட்டர், ஒரு பிரிண்ட் என்று ஓடிய காலம் போய், ஒரே படம் பல தியேட்டரில் சேர்ந்து வெளியாகத் தொடங்கியது. வீட்டுக்கு டிவி வந்தது, வீடியோ கேசட் வந்தது, கேபிள் வந்தது. செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்கு 2563 பேரை எங்கே போய்த் தேடுவது? தொண்ணூறுகளில் படம் ஓடுவது நின்றது. கட்டடம் நெடுநாள் பூட்டிக் கிடந்தது, பிறகு இடித்தார்கள். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் அந்த இடத்தில் இப்போது பெரிய ஜவுளிக்கடை. தீபாவளிக்கு அங்கேயும் கூட்டம் நெரிகிறது, பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் ஒரே திசையைப் பார்ப்பதில்லை.

*

அண்ணன் மகள் போனவாரம் செல்போனில் ‘பராசக்தி’ நீதிமன்றக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன் சித்தப்பா, ஒவ்வொரு வரிக்கும் நடுவுல இப்படி நிறுத்திப் பேசுறாரு?” என்றாள். நியாயமான கேள்வி. கையகலத் திரையில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்ப்பவளுக்கு அந்த இடைவெளி நீளமாகத்தான் தெரியும். நாடக மேடையில் வளர்ந்த நடிகருக்கு, எதிரே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது உடம்பிலேயே ஊறியது. ஒரு வரி சொல்லிவிட்டு அவர்களுக்கு இடம் விடுவார். தங்கத்தில் அந்த இடத்தைக் கைதட்டல் நிரப்பியது. அது அடங்கும்போது அடுத்த வரி சரியாக வந்து விழும். நிரப்புவதற்கு ஆள் வேண்டும், நிறைய ஆள் வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். “எத்தனை பேரு?” என்று கேட்டாள். எண்ணைச் சொன்னேன். நம்பாமல் அப்பாவிடம் கேட்கப் போனாள்.