நலமாகத் தெரியும் நாட்களின் கடமை

பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன நாளில் ஒரு குடும்பம் எவ்வளவு வேகமாக இயங்கும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். வீட்டில் இருக்கும் நகை அடகுக் கடைக்குப் போகும். தாய்மாமன் இரவோடு இரவாகப் பேருந்து பிடித்து வந்து நிற்பார். ரத்தம் கொடுக்கத் தெரு இளைஞர்கள் திரண்டு வருவார்கள். அந்த நேரத்து அன்பைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த முதல் வாரத்து வேகம் மட்டுமே பிள்ளையை மீட்டுவிடாது. ஓராண்டு கழித்து, முடி வளர்ந்து, முகம் தெளிந்து, பிள்ளை வாசலில் ஓடியாடும்போது, எவரும் நலம் விசாரிக்க வராத ஒரு சாதாரண இரவில் மறக்காமல் கொடுக்கப்படும் மாத்திரையும் சேர்ந்துதான் மீட்கிறது. அன்பு அன்றாட ஒழுங்காக மாறினால்தான் இந்த நோயில் அது பிள்ளையைக் காக்கும்.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்றுநோய்தான். அதிலும் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற வகை, இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் கூடுதலாகத் தலைகாட்டுகிறது. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்கள் உருவாக இடமில்லாமல் செய்துவிடுகின்றன. விடாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே தோன்றும் நீலத் தடம், கால் வலிக்கிறது என்று நடக்க மறுக்கும் பிள்ளை என்று அது வெளிப்படும்.

இந்த நோயை மனிதர்கள் வென்ற வரலாறே விடாமுயற்சியின் வரலாறுதான். 1947-48இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், அமினோப்டெரின் என்ற மருந்தை 16 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதுவரை வாரக் கணக்கில் முடிந்துபோன உயிர்களுக்கு மாதங்கள் கிடைத்தன. ஆனால் நோய் திரும்பி வந்தது. பிறகு புதிய மருந்துகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நம் ஊர் வேலியோரத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்த வின்கிரிஸ்டினும் அவற்றில் ஒன்று. 1962இல் மெம்ஃபிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கலும் அவருடைய குழுவினரும் இந்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் ஒளிந்திருக்கும் அணுக்களையும் குறிவைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் சிகிச்சையை நிறுத்தவில்லை. அறுபதுகளின் இறுதியில் அவர்களிடம் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் நிரந்தரமாகக் குணமானார்கள். இன்று வளமான நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

களை பிடுங்கிய வயல் சுத்தமாகத் தெரியும். விதை மண்ணுக்குள் கிடக்கும். இந்த நோயும் அப்படித்தான். முதல் நான்கைந்து வாரச் சிகிச்சையில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் அடங்கிவிடும். மஜ்ஜைப் பரிசோதனையில் சுத்தம் என்று வரும். அந்தச் சொல்லைக் கேட்டுக் கோயிலுக்குப் போய் முடியிறக்கி, வீட்டோடு தங்கிவிடும் குடும்பங்கள் உண்டு. கடன் நெருக்கும், மருத்துவமனை தூரம், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஏழை நாடுகளில் பிழைக்கக்கூடிய பிள்ளைகளை இழப்பதற்கு இப்படிப் பாதியில் நின்றுபோகும் சிகிச்சை ஒரு பெரிய காரணம். சிகிச்சையின் தொடக்கம் மருத்துவமனையில் நடக்கிறது. அதன் நீண்ட பகுதி, மருத்துவர்கள் மெயின்டனன்ஸ் என்று சொல்லும் பகுதி, பெரிதும் வீட்டில்தான் நடக்கிறது.

அந்தப் பகுதியில் தினமும் 6-மெர்காப்டோபியூரின், வாரம் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், அவ்வப்போது மருத்துவமனையில் நரம்பிலும் முதுகிலும் ஊசி என்று ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஓடும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட இரவுகள். அமெரிக்காவில் ஸ்மிதா பாட்டியாவும் அவருடைய குழுவினரும் மாத்திரைப் புட்டியின் மூடி எப்போது திறக்கப்படுகிறது என்பதைப் பதிவு செய்யும் கருவி பொருத்தி ஆராய்ந்தார்கள். 2012இல் வெளியான முடிவு இது: கொடுக்க வேண்டிய மெர்காப்டோபியூரினில் 95 சதவீதத்துக்கும் குறைவாக உட்கொண்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. மாதத்தில் இரண்டு இரவுகள் தவறினாலே அந்த எல்லைக்குக் கீழே போய்விடுவோம்.

இப்படித் தவறவிடும் தாயும் தகப்பனும் அன்பில்லாதவர்கள் அல்லர். கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் மாத்திரை ஊரிலேயே தங்கிவிடும். வேலைக்குப் போய்வந்த அசதியில் கண் அயர்ந்துவிடும். அம்மா கொடுத்திருப்பாள் என்று அப்பாவும், அப்பா கொடுத்திருப்பார் என்று அம்மாவும் நினைத்துக்கொள்வார்கள். ஆகவே வீட்டுக்கு ஒரு முறைமை வேண்டும். கொடுப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர் என்று வகுத்துக்கொள்ளலாம். தினசரிக் காலண்டரில் கொடுத்த பிறகு, கொடுப்பதற்கு முன் அல்ல, ஒரு குறி இடலாம். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு மாத்திரை, சனி ஞாயிறு ஒன்றரை என்று அளவு மாறும்போது எழுதி ஒட்டி வைக்கலாம். வாரத்துக்கு ஒரு நாள் என்று சொன்ன மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். மாத்திரையைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அதைத் தொடவே கூடாது. ஒரு வேளை தவறிவிட்டால் மறுநாள் இரண்டாகக் கொடுத்து ஈடுகட்டப் பார்க்காமல், மருத்துவமனையில் உள்ளபடி சொல்லிக் கேட்க வேண்டும்.

காய்ச்சல் வரும் இரவில் இந்த ஒழுங்குக்குச் சோதனை வரும். மருந்தினால் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில், வீட்டுக்காரர்கள் வாய்மொழியில் சொன்னால் 'கவுண்ட் இறங்கி' இருக்கும்போது, சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் பிள்ளையைக் கவிழ்த்துவிடும். வெப்பமானி 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்கவும் கூடாது. மருத்துவமனையை அழைத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும். இதற்கென்று ஒரு பையில் மருத்துவக் கோப்பு, மாற்றுத் துணி, கொஞ்சம் பணம், ஆட்டோக்காரரின் எண் எல்லாம் தயாராக இருக்கும் வீடு, அன்பைச் சரியாகப் புரிந்துகொண்ட வீடு.

மறுப்பதற்கும் துணிவு வேண்டும். சளியோடு வரும் உறவினரிடம், "அத்தை, பிள்ளைக்குக் கவுண்ட் கம்மியா இருக்கு, இன்னொரு நாள் வாங்களேன்" என்று வாசலிலேயே சொல்லும் மருமகளை நம் ஊர் எளிதில் மன்னிப்பதில்லை. பழம் வாங்கி வந்து பார்ப்பதுதான் நம் பாசத்தின் வழக்கம். ஆனால் அந்தத் தாய் காப்பது தன் பிடிவாதத்தை அன்று, ஓர் உயிரை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தால் அதை மறைக்காமல் முன்கூட்டிச் சொல்வது அயலாரின் அறம். சின்னம்மை இந்தப் பிள்ளைகளுக்கு உயிராபத்தாகலாம். தொடர்பு ஏற்பட்ட அன்றே மருத்துவருக்குத் தெரிந்தால் தடுக்க வழியுண்டு. அதுபோல, ஆளுக்கொரு மருந்து சொல்லும் வழக்கத்தையும் நிறுத்திக்கொள்ள வேண்டும். பச்சையாகப் பிழிந்த பப்பாளி இலைச் சாறும் பெயர் தெரியாத சூரணமும் கவுண்ட் இறங்கிய உடலுக்குள் கிருமியையும் நஞ்சையும் கொண்டுபோகக் கூடும். எதையாவது கொடுத்துவிட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

பிள்ளையிடம் உண்மை பேச வேண்டுமா என்று பெற்றோர் தயங்குகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கும் முகம் படிக்கத் தெரியும். எல்லோரும் குசுகுசுக்கும் வீட்டில் அது தனக்குத் தெரிந்ததை வைத்துப் பயங்கரமான ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும். சொன்னபடி கேட்காததால்தான் தனக்கு ஊசி என்று நம்பும். "உன் ரத்தத்தில் சில அணுக்கள் சரியாக வளரவில்லை, அதை மருந்து சரிசெய்கிறது, நீ செய்த எதனாலும் இது வரவில்லை" என்று அதன் வயதுக்கேற்ற சொல்லில் சொன்னால் போதும். வலிக்கும் ஊசியை வலிக்காது என்று சொல்லக் கூடாது. ஒரு முறை ஏமாந்த பிள்ளை மறுமுறை நம் கையைப் பிடிக்காது. ஸ்டீராய்டு மாத்திரை உண்ணும் நாட்களில் நடுராத்திரியில் சோறு கேட்டு அழும், காரணமின்றி எரிந்து விழும், முகம் உப்பிப்போகும். அது பிள்ளையின் குணமல்ல, மருந்தின் வேலை என்று தெரிந்த வீட்டில் அடி விழாது.

அதே வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறது. நோய் வந்த நாளிலிருந்து பாட்டி வீட்டில் விடப்பட்டு, பரீட்சையும் பிறந்தநாளும் எவர் நினைவிலும் இல்லாமல் போய், பொறாமைப்படவும் பயந்து வாழும் பிள்ளை. தம்பியோடு சண்டை போட்டதால்தான் அவனுக்கு நோய் வந்தது என்றுகூட அது உள்ளுக்குள் நம்பலாம். இது தொற்றாது, எவராலும் வந்ததல்ல என்று அதனிடமும் உட்கார்ந்து சொல்ல வேண்டும். இதே வாக்கியம் தாய்க்கும் தேவைப்படுகிறது. கர்ப்பத்தில் எதைத் தின்றாய், யார் சாபம், எந்தக் கிரகம் என்று கேட்கும் வாய்கள் நிறைய. மஜ்ஜையில் அணுக்கள் பிரியும்போது நேரும் மரபணு மாற்றமே இந்த நோய். மிகப் பெரும்பாலான பிள்ளைகளிடம் பெற்றோர் செய்த எதுவும் அதற்குக் காரணமில்லை. தகப்பன் சம்பாதிக்கவும் தாய் பார்த்துக்கொள்ளவும் என்று பிரிந்துபோன வேலைகளை வாரத்தில் ஒரு நாளேனும் மாற்றிக்கொண்டால், இருவரும் ஒருவர் பாரத்தை ஒருவர் அறிவார்கள். தூங்காத தாயால் ஐந்நூறு இரவுகளைக் காக்க முடியாது. ஆகவே அவளைத் தூங்க வைப்பதும் சிகிச்சைதான்.

எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முறை தவறாமல் எல்லாம் செய்தும் நோய் திரும்பலாம். சிகிச்சை இனிப் பயன்படாது என்று மருத்துவர் சொல்லும் நாளில், பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருவது கைவிடுவதாகாது. வலிக்கு மார்ஃபின் உண்டு. தகுந்த மேற்பார்வையில் அதை வீட்டிலேயே கொடுக்கலாம். வலியில்லாமல், தன் பாயில், தன் ஆட்கள் நடுவில் இருக்க அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. அதுவரை காட்டிய ஒழுங்கு அப்போதும் தேவைப்படும்: நேரத்துக்கு வலி மருந்து, நேரத்துக்குத் துடைத்த உடம்பு, கேட்ட கேள்விக்குப் பொய்யில்லாத பதில். அப்படி வழியனுப்பிய பெற்றோர் தோற்றவர்கள் அல்லர். அவர்களிடம் எவரும் கணக்குக் கேட்கக் கூடாது.

பிள்ளைப் புற்றுநோயில் உலகம் முழுவதும் குறைந்தது 60 சதவீதப் பிள்ளைகளையேனும் 2030க்குள் பிழைக்க வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. நம்மிடம் மருத்துவர்கள் இருக்கிறார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும், அதில் 1955 முதல் 2021இல் மறையும் வரை உழைத்த வி. சாந்தாவும் ஏழைக்கும் இந்தச் சிகிச்சை உரியது என்று காட்டினார்கள். மாநிலக் காப்பீட்டுத் திட்டமும் ரயில் கட்டணச் சலுகையும் இருக்கின்றன. இவற்றுக்கும் ஐந்நூறு இரவுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் நாம்தான். மாதம் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போகும் தகப்பனின் கூலியைப் பிடிக்காத முதலாளி, முடியில்லாத தலையைக் கேலி செய்யக் கூடாது என்று வகுப்புக்கு முன்பே சொல்லி வைக்கும் ஆசிரியை, முதல் வாரம் வந்ததுபோல் பதினெட்டாம் மாதமும் வந்து எட்டிப்பார்க்கும் மாமன் ஆகியோர் அந்தப் பிள்ளையின் சிகிச்சையில் பங்கெடுப்பவர்கள். துயரம் புதிதாக இருக்கும்போது உதவுவது மனித இயல்பு. அது பழகிப்போன பிறகும் உதவுவதே அறம்.