மூக்கின் சாட்சியம்

மூளை நரம்புகள் 12. முதலாவது வாசனைக்கானது. ஆனால் பெரும்பாலான டாக்டர்கள் பரிசோதனையை இரண்டாவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 2020இல் கொரோனா வந்து ஊர் மூக்கையெல்லாம் மரத்துப்போக வைத்த பிறகுதான் மூக்குக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது.

சோதனை பெரிய வித்தையில்லை. கண்ணை மூடச் சொல்லி, ஒரு துவாரத்தை அடைத்து, மற்றதில் காப்பித்தூள், கிராம்பு, சோப்பு காட்டிக் கேட்பார்கள். அம்மோனியா ஆகாது. அதன் காரம் வேறொரு நரம்பைக் குத்தும். வாசனை நரம்பு செத்தவரும் முகம் சுளிப்பார்.

1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டி குழுவினர் சுரண்டி முகரும் அட்டை செய்தார்கள். 40 வாசனை, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. அதில் பரங்கிக்காயில் செய்யும் அவர்கள் ஊர்ப் பலகாரம் ஒன்றும் உண்டு. திருமுல்லைவாயல் ஆயாவுக்கு அது தெரியவில்லையென்றால் கெட்டது மூக்கா, அட்டையா?

எங்க பெரியப்பா அம்பத்தூர்ப் பக்கம் சாக்கடை அடைப்பெடுத்தவர். டாக்டர் கிராம்பை நீட்டி என்ன வாசனை என்றார். "பல்லு வலிக்கு வெக்கிறதுங்க." டாக்டர் சரியென்று எழுதிக்கொண்டார். நல்ல மனுஷர். மோப்பம் வேறு, பெயர் வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காப்பித்தூளுக்குப் பெரியப்பா உதட்டைப் பிதுக்கினார்.

"அவங்களுக்கு அதெல்லாம் பழகிப்போச்சு" என்கிறது ஊர். இந்தச் சொல்லைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஊதுவத்தி ஏற்றிய அறையில் கொஞ்ச நேரத்தில் யாருக்கும் வாசனை தெரியாது. வெளியே போய் வந்தால் தெரியும். பழகுவது அதுதான், அக்கிரகாரத்து மூக்கும் அப்படித்தான் பழகும். குழிக்குள் நடப்பது வேறு. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் நின்றுபோச்சு, இறங்கலாம் என்று நினைக்கிற நேரம்தான் சாவு நேரம். 2024 ஆகஸ்டில் ஆவடியில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளி ஒருவர் விஷவாயுவில் செத்தார். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது.

தொல்காப்பியம் மூக்கை மூன்றாம் அறிவென்று வைத்து, அதைக் கறையானுக்கும் எறும்புக்கும்கூடக் கொடுத்தது. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணமும்தான். அந்தச் சொல்லையும் பிற்பாடு யாரோ குழிக்குள் இறக்கிவிட்டார்கள்.

சாக்கடைத் தொழிலாளிகளின் மூக்கை வருஷா வருஷம் சோதிக்க வேண்டும் என்கிறார் தோழர் ஒருவர். எதற்கு என்பதே என் கேள்வி. "மூக்கு நல்லாருக்கு, இறங்கு" என்று சொல்வதற்கென்றால் அந்தச் சோதனை அறமற்றது. போன மூக்குக்குக் கணக்குக் கேட்பதற்கென்றால் நானே ஆட்களைக் கூட்டி வருகிறேன். சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம், ஊனத்துக்குக் குறைந்தது 10 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அடுக்குகிறது. கண் இருக்கிறது, காது இருக்கிறது. மூக்கு இல்லை. பெரியப்பாவின் சோதனைச் சீட்டை எந்த மேசையில் கொடுப்பது?