காற்றடிக்கும் நாளில் மூட்டிய தீ

 

போன வாரம் ஜும்ஆ முடிந்ததும், எண்ணூர் பக்கம் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு தம்பி வந்தார். "ஹஜ்ரத், நிலக்கரிப் புகையாலதான் பூமி சூடாகுது, காடு எரியுதுன்னு சொல்றாங்க. அப்போ என் சம்பளம் ஹலாலா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீப்பிடித்தது. சென்னையிலிருந்து மலையேறப் போனவர்கள் உட்பட 20-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். நம் நாட்டில் காட்டுத்தீ தானாகப் பிடிப்பது குறைவு. அணைக்காமல் எறிந்த பீடி, புது மேய்ச்சல் புல்லுக்காக வைத்த நெருப்பு என்று பெரும்பாலும் மனிதக் கைதான் காரணம். ஆனால் வெறும் பொறி காட்டை எரிக்காது. வெப்பம் கூடினால் இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தைக் காற்று உறிஞ்சிவிடும். ஈரக் காட்டில் தானாக அணைந்திருக்கும் பொறி, காய்ந்த காட்டில் மலையையே விழுங்கும். எரிந்த மரத்தின் கரியமிலவாயு வானத்துக்குப் போய் வெப்பத்தை இன்னும் கூட்டும். கருகிய மேல்மண்ணை அடுத்த மழை அரித்துவிடும். 2023-இல் கனடாக் காடுகள் எரிந்தபோது புகை நியூயார்க் வரை போய் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியது.

ஃபிக்ஹு நூல்களில் ஒரு மஸ்அலா உண்டு. ஒருவர் தன் நிலத்தில் தீ மூட்டுகிறார், அது பக்கத்து நிலத்தை எரித்துவிடுகிறது. நஷ்டஈடு உண்டா? காற்று அடங்கிய நாளில் மூட்டி, பிறகு காற்று கிளம்பியிருந்தால் இல்லை. பலமாகக் காற்றடிக்கும்போதே மூட்டியிருந்தால் உண்டு. ஏனென்றால் தீ பரவும் என்று அவருக்குத் தெரியும்.

சகோதரர்களே, நிலக்கரியை முதலில் எரித்த தலைமுறை, காற்று அடங்கிய நாள் என்று நினைத்தது. நமக்குக் காற்றடிப்பது தெரியும். "என் நிலம்தானே, என் காசுதானே" என்று இனி சொல்ல முடியாது.

அப்படியானால் அந்தத் தம்பி குற்றவாளியா? இல்லை. ஊருக்கு வெளிச்சம் தரும் வேலையில் உழைத்துப் பெறும் கூலி ஹலால்தான். சாம்பலை முதலில் சுவாசிப்பதும் அவர்தான். இந்தப் பள்ளிவாசலின் ஏசியும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அந்தப் பாரத்தை அவர் தலையில் மட்டும் இறக்க முடியாது. யாருக்கு எவ்வளவு அதிகாரமும் வசதியும் இருக்கிறதோ, அவ்வளவு பொறுப்பு. முடிவெடுப்பவர்களுக்கு அதிகம். தேவைக்கு மேல் எரிக்கும் நமக்கும் பங்கு உண்டு.

மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்தபோது, தூங்கும் முன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கட்டளையிட்டார்கள். எரிந்தது ஒரு வீடு, கட்டளையோ எல்லா வீட்டுக்கும்.

தொழுகை முடிந்ததும் ஏசியை அணைப்போம். தெருமுனையில் குப்பை கொளுத்த வேண்டாம். ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம், நிலக்கரிக்கு மாற்று என்ன, இந்தத் தொழிலாளிகளுக்கு மாற்று வேலை என்ன என்று இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளால் மூண்ட தீயிலிருந்து எங்கள் பிள்ளைகளைக் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.