சந்நிதியும் சபையும்

கடவுளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்னும் வினா, மடங்களில் அமர்ந்து சாஸ்திர விசாரம் செய்வோருக்கே உரியதென்று எண்ணியிருப்பவர்கள், பதுளை மாவட்டத்து ஹாலிஎல பிரதேச சபைக்குத் தோட்டத்து மக்கள் எழுதும் விண்ணப்பங்களையும், அதே மக்கள் தங்கள் தோட்டத்து மாரியம்மன் சந்நிதியில் கைகூப்பி நின்று சொல்லும் வேண்டுதல்களையும் ஒருசேர வைத்துப் பார்ப்பார்களாயின், வியப்படைவார்கள். வற்றிப்போன பீலி, லயத்தின் பின்புறத்தில் அடைபட்டுக் கிடக்கும் கான், மழைக்குக் கரைந்துபோன பாதை, பிரசவ வேதனை கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் ஏற முடியாத மேடு ஆகிய இவையே அங்கும், இவையே இங்கும். அம்மனுக்குச் சொல்வதில் கண்ணீர் கொஞ்சம் கூடும். சபைக்கு எழுதுவதில் ‘கௌரவ தவிசாளர் அவர்களுக்கு’ என்ற தொடக்கமும், பிரதிகள் யார் யாருக்கு என்ற முடிவும் கூடும். வேறு பேதமில்லை.

பகவத் கீதை, இறைவனை நாடி வருவோரை நால்வகையாக வகுக்கிறது: துன்பத்தால் துடித்து வருகின்ற ஆர்த்தன், அறிய விரும்பும் ஜிஜ்ஞாசு, பொருளை நாடும் அர்த்தார்த்தி, ஞானி. நால்வரும் உத்தமரே என்று சொல்லிவிட்டு, ஞானியைத் தன் ஆத்மாவாகவே கொள்வதாகக் கண்ணன் கூறுகிறான். ஆர்த்தனை இகழ்வதற்கு அங்கே இடமில்லை. ஆயினும் ஒருவன் ஆர்த்தனாகத் தொடங்கி மேலே செல்வது வேறு. அவன் பாட்டனும் தந்தையும் அவனும் அவன் மகளும் தலைமுறை தலைமுறையாக ஆர்த்தராகவே நிற்கும்படி ஊர் ஒழுங்கு செய்து வைப்பது வேறு. குடிநீரை மறுக்கின்ற நிர்வாகம், ஓர் ஆத்மா தன் இறைவனோடு வேறு விஷயம் பேசுவதற்கான அவகாசத்தையும் சேர்த்தே மறுக்கிறது. பிரதேச சபை அசிரத்தையாயிருக்கும் ஊரில் பக்தியும் கெடுகிறது என்பது என் கட்சி.

இந்த நிலை தானாக வந்ததன்று. சட்டமே இதனை நெடுங்காலம் காத்துவந்தது. 1937ஆம் ஆண்டில் கிராமச் சபைகளுக்கான சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டங்களில் குடியிருந்த இந்தியத் தொழிலாளருக்கு வாக்கு மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஒப்பந்தங்களும் திருத்தங்களுமாக அரை நூற்றாண்டு கழிந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அப்பிரச்சினை ஒருவாறு முடிவுக்கு வந்தது. ஆனால் வாக்குச் சீட்டைக் கையில் பெற்றவர்கள் விசித்திரமானதொரு வாசலின் முன் வந்து நின்றார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டத்துக்குள் இருக்கும் பாதையும் லயமும் நிர்வாகத்தின் உடைமையென்று கருதப்பட்டு, சபை தன் பணத்தை அங்கே செலவிட முடியாதிருந்தது. உடுவரைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்பவர்கள் சபைக்கு ஓர் உறுப்பினரைத் தெரிந்து அனுப்பலாம். அவர் எழுந்து பேசலாம். பேசியபின், தம்மை அனுப்பியவர்களின் வாசற்படியில் ஒரு மூட்டை சீமெந்து இறக்கவும் அதிகாரமில்லாமல் வீடு திரும்பலாம். 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை நீக்கியது. நீக்கினும், துரைமார் சபையைச் சுட்ட, சபை துரைமாரைச் சுட்டும் பழக்கம் சட்டத்தோடு சேர்ந்து ஒரே நாளில் திருந்திவிடுமா? பெருந்தெரு ஒரு திணைக்களத்துக்கு, மாகாண வீதி வேறொன்றுக்கு, குடிநீர் இன்னொரு சபைக்கு, லயம் கம்பெனிக்கு என்று பிரித்து வைத்த இராச்சியத்தில், மனுவோடு நடப்பவன் கால்தான் தேய்கிறது. 2023 மார்ச் மாதத்தில் சபைகளின் ஆயுள் முடிந்தபின் 2025 மே மாதத் தேர்தல் வரையில், மூர்த்தியில்லாமல் அர்ச்சகர் மட்டும் இருந்த கோயில்போலச் செயலாளர்களே அவற்றை நடத்தியதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாளன் கதையை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. மகாவம்சம் ஒரு பௌத்த பிக்குவால் எழுதப்பட்டது. துட்டகைமுனுவின் கீர்த்தியைப் பாடும் அந்நூலுக்கு, அவனுடைய பகைவனாகிய தமிழ் அரசனைப் புகழ வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. இருந்தும், அநுராதபுரத்தில் 44 ஆண்டு அரசிருந்த எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்றைக் கட்டி, அதன் நீண்ட கயிறு நியாயம் வேண்டி வருவோர் கைக்கு எட்டும்படி விட்டிருந்தான் என்று அது சொல்கிறது. கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்ததும், அரசன் தன் மகனைத் தேர்க்காலுக்கு ஈந்ததும் எல்லோரும் அறிந்தவை. திருவாரூர் மனுநீதிச் சோழனுக்கும் அதே கதை உண்டு. எனக்கு அதைவிடச் சிறந்ததாகத் தோன்றுவது, அதிகம் பேசப்படாத மற்றொரு விண்ணப்பம். வெயிலில் உலர்த்திய அரிசி, காலந்தவறிப் பெய்த மழையில் நனைந்து கெட்டதென்று ஒரு கிழவி வந்து மணியை அடிக்கிறாள். மழைக்கு அரசனா பொறுப்பு? அது தன் இலாகாவுக்கு அப்பாற்பட்டதென்று சொல்லியிருந்தால் எவரும் குறை கூறியிரார். அவனோ அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நீதி வழுவாத அரசனுக்கு மழை உரிய காலத்தில் பெய்ய வேண்டுமன்றோ என்று உண்ணாநோன்பு கிடந்தான். அதன் பயனாக, வாரத்தில் ஒருநாள், நள்ளிரவு வேளையில் மட்டும் மழை பெய்யும்படி தேவேந்திரன் ஏற்பாடு செய்தான் என்று கதை முடிகிறது.

அற்புதத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். நான் கவனிப்பது காரியம் நடந்த ஒழுங்கை. கிழவி தேவலோகத்துக்கு மனுப் போடவில்லை. மணி இருக்குமிடத்துக்கு வந்தாள். தன்னால் ஆகாத காரியத்தைத் தெய்வத்திடம் கொண்டுபோகும் பாரத்தை அரசன் தன்மேல் ஏற்றுக்கொண்டான். பட்டினி கிடந்தவள் கிழவியல்லள், அரசன். இன்று நம் தோட்டங்களில் நோன்பிருப்போர் யாவர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வரசன் பொய்ச் சமயத்தை விடாதவன் என்று குறை சொல்லும் மகாவம்சமே, தீநெறி நீங்கிய ஒழுக்கம் ஒன்றினாலேயே அவனுக்கு அந்த ஆற்றல் வாய்த்தது என்று ஒப்புக்கொள்கிறது. சமயவாதிகள் பல ஏடுகளில் சாதிக்க முடியாததை அந்தப் பிக்கு ஓரிரு வரியில் சொல்லிவிட்டார்.

கேட்பதே இழிவு, அடக்கமே பக்தனுக்கு அழகு என்று போதிப்பவர்களும் உண்டு. நம் சைவ மரபு அவ்வளவு சாதுவானதன்று. குண்டையூரில் குவிந்த நெல்லைத் திருவாரூருக்குக் கொண்டுபோக ஆளில்லையென்று, திருக்கோளிலி இறைவனிடமே சென்று ஆள் கேட்டவர் சுந்தரமூர்த்தி நாயனார். கண்ணிழந்தபோது அவர் தொடுத்த வழக்குப் பணிவானதன்று. வன்றொண்டன் என்ற பெயரை அவருக்கு இறைவனே இட்டதாகப் பெரிய புராணம் கூறும். மலைநாட்டாரும் இவ்விஷயத்தில் பின்தங்கியவரல்லர். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கே ரோதை முனி என்று ஒரு காவல் தெய்வத்தைக் கண்டு, அதனோடு சுற்றத்தாரோடு பேசுவது போன்ற உரிமையில் பேசியவர்கள் அவர்கள். தெய்வத்தோடு அப்படிப் பழகியவர்கள், கான் ஒன்றைத் துப்புரவாக்கும்படி ஒரு லிகிதர் முன்னே கைகட்டிக் குனிந்து நிற்பதைக் காணும்போது, பிரட்டுக்களத்தில் துரை முன்னும் கங்காணி முன்னும் நின்ற நிலை இன்னும் முதுகை விட்டுப் போகவில்லை என்றே தோன்றுகிறது. வாக்களித்த பிரஜை, தன் பொதுச் சொத்து என்னவாயிற்று என்று விசாரிக்க வந்திருக்கிறான். வள்ளுவர் இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது இரப்பவரைக் குறித்து. இந்த மனுதாரன் அவ்விரண்டிலும் சேரான்.

விதியின்மேல் பழி போடுவதற்கும் ஓர் அளவு வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. குடியிருந்தவர்களுக்கு நிலம் என்று சொல்ல வேறோர் இடமில்லை. மண் சரிந்தது இயற்கை. எச்சரிக்கை வந்த பின்னும் மக்கள் அங்கேயே உறங்கும்படி விட்டது மனிதர் செய்த ஏற்பாடு. அதனை ஈசுவரன் கணக்கில் எழுதி, ஆண்டவன் சித்தம் என்று பெருமூச்சு விடுவது ஈசுவர நிந்தனையாகும்.

பீலியில் நீர் வந்து, பாதைக்குத் தாரும் போட்டாய்விட்டால், ஆடிப் பூசைக்கு யார் வருவார் என்று பெரியவர்கள் சிலர் கவலைப்படக்கூடும். குழாய் நீரும் தெருவிளக்கும் உள்ள பட்டணத்து வீடுகளிலிருந்தும் ஆடி மாதத்தில் கதிர்காமத்துக்கு பஸ் பஸ்ஸாகப் போகிறார்களே! பரீட்சைப் புள்ளி, வெளிநாட்டு விசா, வியாபார லாபம் என்று அவர்கள் முருகனிடம் கேட்பதற்கும் குறைவில்லை. ஆர்த்தர் வரிசையிலிருந்து எழுந்து அர்த்தார்த்தி வரிசையில் அமர்ந்தவர்கள் அவர்கள். அது ஞானத்தை நோக்கிய முன்னேற்றமா என்று கேட்டால் நான் உறுதி கூறேன். ஆனால் அவ்வரிசையில் அமர்ந்ததும், நாளை அங்கிருந்து எழுந்து போவதும் அவர்களுடைய விருப்பத்தின்பாற்பட்டவை. பீலி வற்றியதனால் அம்மன் முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு அந்த விருப்பம் இன்னும் வாய்க்கவில்லை.