வயது போதாத மண்டபம்

1972 நவம்பரில் டெல்லி பிரகதி மைதானத்தில் 'ஆசியா 72' பன்னாட்டு வணிகக் கண்காட்சி திறந்தது. சுதந்திர வெள்ளிவிழா ஆண்டு. அதற்கு மண்டபம் வடிவமைத்த ராஜ் ரேவலுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அந்த வயதில் பல கட்டடக் கலைஞர்கள் யாருடைய வீட்டு மாடிப்படிக்கோ வரைபடம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவரும் பொறியாளர் மகேந்திர ராஜும் நடுவில் தூணே இல்லாமல் 78 மீட்டர் அகலத்துக்குக் கூரை போட நினைத்தார்கள். வெளிநாடுகளில் இத்தகைய கூரையைத் தாங்கும் கூண்டுச் சட்டத்தை எஃகுக் குழாய்களால் பூட்டிவிடுவார்கள். இங்கே எஃகுக்குத் தட்டுப்பாடு. சரி, கான்கிரீட்டிலேயே வார்ப்போம் என்றார்கள். முக்கோணம் முக்கோணமாகப் பலகை அடைத்து, கம்பி கட்டி, கலவை ஊற்றினார்கள். அந்தக் கலவை சட்டி சட்டியாகப் பெண்களின் தலையில்தான் மேலே ஏறியது.

2017 ஏப்ரல் 23 இரவு அந்த மண்டபத்தை இடித்தார்கள். 60 ஆண்டு நிறையாத கட்டடத்தைப் பாரம்பரியப் பட்டியலுக்கு எடுப்பதில்லை என்று உரிய குழு முன்பே கைவிரித்திருந்தது. மண்டபத்துக்கு வயது 44. எண்பது வயது தாண்டிய ரேவல் நீதிமன்றப் படியேறியும் பயனில்லை.

இதற்கு நேர்மாறாக, விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் பாதாளீஸ்வரர், பிரம்மபுரீஸ்வரர் கோயில்கள் சோழர் காலத்திலிருந்து நிற்கின்றன. கருங்கல், அதனால் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினால், கட்டியவர் பெருமையைவிடப் பராமரிப்புக் கணக்குதான் அதிகம். அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு சாகும், குட்டி பிறக்கும், ஏட்டில் எண்ணிக்கை குறையாது. 'சாவா மூவாப் பேராடு' என்றே எழுதி வைத்தார்கள். விளக்கைக் கொடுத்த அன்றே, தாங்கள் இல்லாத காலத்து நெய்க்கும் ஆள் குறித்துவிட்டுப் போனார்கள்.

பழையது என்பதால் காக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக இருந்தபோதே யாரோ காத்ததால்தான் அது பழையதாகும் வரை இருந்தது. கட்டடத்துக்கு ஆபத்தான காலம் முதுமையல்ல, நடுவயது. புதுமை போய்விட்டிருக்கும், பெருமை இன்னும் வந்திருக்காது. இடத்தின் விலை மட்டும் ஏறியிருக்கும்.

சென்னை வள்ளுவர் கோட்டம் 1976இல் திறந்தது. அங்கும் தூணில்லாத பெரிய அரங்கம்தான். கொஞ்ச காலம் பொலிவிழந்து கிடந்ததை அண்மையில் சீர்செய்தார்கள். அதற்கு 60 ஆகட்டும் என்று காத்திருக்கவில்லை.