கடல் கடந்து கற்றோர் வீடு திரும்புதல்



மும்மணிகளைச் சரணடைந்து ஐந்து சீலங்களையும் ஏற்ற நாம் இன்று சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள், அயல்நாடு சென்று கற்ற நம் மக்கள் தாய்வீடு திரும்பியபின் வாழவேண்டிய முறையாகும். புறப்படுகிறவர்களுக்குப் பரித்தம் ஓதி, கையில் நூல் கட்டி வழியனுப்புகிறோம். திரும்புகிறவர்களுக்கோ ஒரு வேளை விருந்து இட்டுவிட்டு, நம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். ஆனால் புறப்படுதலினும் திரும்புதலே கடினமானது என்பதைத் திரும்பி வந்தவர்கள் அறிவார்கள்.

அயல்நாட்டில் எல்லாம் வேறாக இருக்கும் என்று எண்ணிச் சென்றவன் அதற்குத் தன் மனத்தை ஆயத்தம் செய்துகொண்டு சென்றான். சொந்த வீடு வேறாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. வந்து பார்க்கும்போது தாய் மூத்திருக்கிறாள். தங்கை மணமாகிப் போயிருக்கிறாள். உடன் விளையாடியவர்கள் பேசுவதற்குப் பொருளின்றி விழிக்கிறார்கள். அவனும் சென்றபோதிருந்தவன் அல்லன். நான்கு ஆண்டு கனவிற் கண்ட வீட்டை அவன் தேடுகிறான். நான்கு ஆண்டுக்கு முன் அனுப்பிய பிள்ளையை வீட்டார் தேடுகிறார்கள். இரண்டும் இப்போது இல்லை. அனைத்தும் அநித்தியம் என்று விகாரையில் நாம் ஓதுவது, இவ்வாறு நம் திண்ணையிலேயே வந்து அமர்ந்துகொள்கிறது. மாறியதை மாறாததாக விரும்பும் வேட்கையே இத்துன்பத்தின் தோற்றுவாய்.

இவ்விடத்தில் பகவான் அருளிய தெப்ப உவமை நமக்குத் துணையாகும். வெள்ளத்தைக் கடக்க ஒருவன் புல்லும் கட்டையும் சேர்த்துத் தெப்பம் கட்டிக் கரையேறினான். இது எனக்குப் பேருதவி செய்தது என்று அதனைத் தலைமேற் சுமந்துகொண்டு நடப்பானாயின் அவன் அறிவுடையவன் ஆவானா என்று பகவான் பிக்குகளை வினவினார். அயல்நாட்டில் நாம் பழகிய உணவு, உடை, பேச்சு, விரைவு, வசதி ஆகியவை தெப்பம். அங்கே நாம் பெற்ற கல்வியும், மனிதனை மனிதனாகவே காணும் பார்வையும் நாம் சேர்ந்த கரை. தெப்பத்தை இறக்கி வைப்பது நன்றி மறப்பதாகாது. சேர்ந்த கரையை விட்டு மீண்டும் வெள்ளத்தில் இறங்குவதே பேதைமை.

ஆதலின், திரும்பியவனுக்கு நேரும் துன்பம் இருவகைப்படும். மின்சாரம் நின்றுபோகிறது, அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்குப் பத்து நாள் ஆகிறது, உறவினர் ஓயாமல் கேள்வி கேட்கிறார்கள் என்பன ஒருவகை. இவற்றை மெல்லப் பழகிக்கொள்ளலாம், பழகிக்கொள்ளவும் வேண்டும். மற்றொரு வகை உண்டு. வாடகைக்கு வீடு கேட்கச் சென்றால் பெயரைக் கேட்டபின் ஊரைக் கேட்கிறார்கள். ஊரைக் கேட்டபின் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். அயல்நாட்டிலிருந்த ஆண்டுகளில் ஒருவரும் கேளாத கேள்வி அது. அதைக் கேட்டவுடன் அவன் நெஞ்சில் எழும் துடிப்பை நாம் என்னவென்று கொள்வது? அதுவும் பழகினால் தீரும் நோயா?

இதற்கு விடை பகர நம்மிடையே ஒரு பெருவாழ்வு உண்டு. பாபாசாகிப் அம்பேத்கர் 1913 ஆம் ஆண்டு பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார்; 1916 இல் அங்கிருந்து லண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடியவே 1917 இல் தாயகம் திரும்பி, ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணியேற்கச் சென்றார். அயல்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகள், தாம் தீண்டப்படாதவர் என்ற எண்ணத்தையே தம் மனத்திலிருந்து முற்றும் துடைத்துவிட்டன என்று பின்னாளில் அவரே எழுதியுள்ளார். பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியபோது, எங்கே தங்குவது என்ற கேள்வி அவ்வெண்ணத்தை மீண்டும் கொணர்ந்தது. இந்து விடுதிகளில் இடம் கிடையாது. பார்சியரின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொல்லிற்று. நண்பர் இருவரிடம் இடம் கேட்டும் கிடைக்கவில்லை. பம்பாய் வண்டி இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை ஐந்து மணி நேரம் ஊர்ப் பூங்காவில் கழித்துவிட்டு அவர் ஊர் நீங்கினார்.

அன்பர்களே, அவ்வைந்து மணி நேரத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கற்ற அறிஞர், படுக்க இடமின்றி அமர்ந்திருக்கிறார். ஊர் இப்படித்தான், பொறுத்துப் போ என்று அவரிடம் எவரேனும் கூறியிருந்தால், அச்சொல்லை அவர் ஏற்றிருந்தால், நம் நிலை என்னவாகியிருக்கும்! அவர் அதற்குப் பழகிக்கொள்ளவில்லை. பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920 இல் மீண்டும் லண்டன் சென்று தம் கல்வியை நிறைவு செய்தார். 1923 இல் திரும்பி வந்தார். 1927 மார்ச்சு 20 ஆம் நாள் மகாடு நகரில் ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துச் சென்று, மறுக்கப்பட்ட குளத்து நீரை அள்ளிப் பருகினார். 1956 அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானவரோடு பகவானின் நெறியில் புகுந்தார்.

இவ்வரலாற்றில் மறுபுறமும் ஒன்றுண்டு. அதனைப் பலர் கருதுவதில்லை. இவ்வளவு கற்றுத் திரும்பியவர் குடியிருந்தது எங்கே? பம்பாயில் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த 'சால்' என்னும் வரிசைக் குடியிருப்பில், இரண்டு சிறிய அறைகளில். தாதரில் இராசகிருகம் என்னும் இல்லத்திற்கு 1934 வாக்கில் குடிபெயரும் வரை அவர் குடும்பம் அங்கேதான் வாழ்ந்தது. நெருக்கத்திற்கும் இரைச்சலுக்கும் அவர் பழகிக்கொண்டார். இழிவுக்குப் பழக மறுத்தார். தெப்பத்தை இறக்கிவிட்டுக் கரையில் நிற்பது இதுவே.

பகவானும் ஒருநாள் வீடு திரும்பியவரே. இராசகிருகத்திலிருந்து அறுபது யோசனைத் தொலைவை நாளுக்கு ஒரு யோசனையாக நடந்து, இரண்டு திங்களில் கபிலவஸ்துவை அடைந்தார் என்று அட்டகதை கூறும். சாக்கிய முதியோர் வணங்க மனமின்றி இளையோரை முன்னே தள்ளினர். மறுநாள் தம் பிறந்த ஊரின் தெருவிலே அவர் ஐயம் ஏற்றார். குலத்திற்கு இழுக்கு என்று தந்தை சுத்தோதனர் பதைத்தபோது, தம் மரபு புத்தர்களின் மரபு என்று அமைதியாக உரைத்தார். உண்மையில் ஒரு விரற்கடையும் விலகவில்லை. ஆயினும் வெளியே வாராத யசோதரையைக் காண அவரே அவள் இருந்த இடத்திற்குச் சென்றார். இராகுலன் துறவு பூண்டதனால் முதிய தந்தை நெஞ்சுடைந்து முறையிட்டபோது, பெற்றோர் இசைவின்றி எவருக்கும் துறவு அளித்தல் கூடாது என்று விநயத்தில் விதி வகுத்தார். உலகிற்கு ஆசானாகித் திரும்பியவரும், வீட்டின் வலியைக் கேட்டுத் தம் சங்கத்தின் முறையை மாற்றினார். திரும்பியவர்கள் கற்க வேண்டிய பணிவு இதனினும் வேறு உளதோ?

இனித் திரும்பாமலே இருந்துவிடலாமே என்று எண்ணுவோரும் உளர். சீனத் துறவி யுவான் சுவாங், நம் காஞ்சி வரை வந்து சென்றவர், நாலந்தாவில் கற்று முடித்தபோது, பகவான் பிறந்த நாட்டை விட்டு எல்லைப்புற நாடான சீனத்திற்கு ஏன் போகிறீர் என்று அங்குள்ளோர் தடுத்தனர். தம்மம் ஒருவர் தாமே துய்ப்பதற்கு உரியதன்று என்பது அவர் விடையின் சாரம். 645 இல் அறுநூற்று ஐம்பத்தேழு நூல்களுடன் ஊர் சேர்ந்தார். பேரரசர் அளிக்க முன்வந்த அரசுப் பதவியை ஏலாது, 664 இல் மறையும் வரை மொழிபெயர்ப்பிலேயே உழைத்தார். தம் மக்களின் மொழியில் சேர்த்தபோதுதான் அவர் கல்வி நிறைவுற்றது.

ஆகவே, திரும்பிய இளைஞரே, 'அங்கே' என்று தொடங்கும் சொற்களைச் சில திங்கள் அடக்கிக்கொள்ளுங்கள். நற்பேச்சு என்பதில் அதுவும் அடங்கும். தாய் இட்டதை உண்ணுங்கள். பகவான் நடந்த இரண்டு திங்களை நீங்கள் விமானத்தில் ஓரிரவில் கடந்துவிட்டீர்கள். உடல் வந்துவிட்டது, மனம் வந்து சேர நாள் கொடுங்கள். மாலையில் சங்கத்திற்கு வந்து, அடுத்துப் புறப்பட இருக்கும் பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் கடந்த ஆற்றின் ஆழம் உங்களுக்குத்தானே தெரியும்.

வீட்டிலுள்ள பெரியோர்களே, வந்தவன் என்ன கொண்டுவந்தான், எவ்வளவு சம்பளம், மீண்டும் எப்போது போவான் என்று கேளாதீர்கள். அவன் தனித்திருந்தால் செருக்கு என்று கூறாதீர்கள். தெருவைக் கேட்டவன் முன்னே அவன் முகம் சிவந்து வந்து நின்றால், நம் ஊர் இப்படித்தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அஃது அன்பினால் சொல்லும் சொல்லே. ஆயினும் நாம் அடிமைப்பட்டிருந்த நாளில் கற்ற சொல். பொறுமை என்னும் பாரமிதை, இழிவுக்குத் தலை வணங்குதல் ஆகாது. வெகுளியின்றி நிமிர்ந்து நிற்றலே ஆகும். அச்சத்தால் தன் ஊரை மறைத்தவனையும் இகழ வேண்டா. மறைக்கச் செய்தவர்களே நாண வேண்டியவர்கள். அவனை அருகே அமர்த்தி, உன் துடிப்பு நேரியது, அதை இழந்துவிடாதே, நாங்களும் உன்னோடு வருகிறோம் என்று கூறுங்கள்.

அவன் கடல் கடந்து கொண்டுவந்த பொருள்களுள் விலைமதிக்க முடியாதது அத்துடிப்பே. அதனை வெகுளியாகக் கெடவிடாமலும், மரத்துப்போக விடாமலும், மைத்திரியோடு காத்து வளர்ப்பது நம் சங்கத்தார் அனைவரின் கடமையாகும்.

சகல ஜீவர்களும் பகையின்றி, அச்சமின்றி, நலமுடன் வாழ்வார்களாக!

சாது! சாது! சாது!