காப்பவனின் அடக்கம்

அழிந்துகொண்டிருக்கும் ஒரு பொருளைக் காப்பாற்றுபவனுக்கு அப்பொருளின்மீது எவ்வளவு உரிமை உண்டு? பழைய கண்ணாடி நெகடிவ்களைப் பேணுவோர்முன் இக்கேள்வி இன்று கூர்மையாக எழுந்து நிற்கிறது.

1871-இல் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ், வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசும் முறையை வெளியிட்டார். காலப்போக்கில் அத்தகைய தகடுகள் தமிழகத்து ஸ்டூடியோக்களுக்கும் வந்தன. கன்னிவாடி போன்ற ஊர்களில், பாட்டனாரின் முகத்தைப் பேரப்பிள்ளைகள் அறிவது பெரும்பாலும் சுவரில் தொங்கும் ஒரே படத்தால்தான். அப்படம் செல்லரித்தாலும், மூலத்தகடு பிழைத்திருந்தால் முகத்தை மீட்கலாம். ஆனால் தகடுகள் பல வெள்ளிக்காகவே விற்கப்பட்டு அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடி, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் 2010-களில் தமிழக ஸ்டூடியோப் படங்களைக் கணினியில் பதிவுசெய்தனர்.

படத்தின் சாயல் கணினியில் நிலைத்தாலும், தகடு தொடர்ந்து நலிகிறது. நம் நாட்டு ஈரக்காற்றில் ஜெலட்டின் ஊதுகிறது. வறட்சியில் சுருங்கிக் கண்ணாடியைவிட்டு உரிகிறது. பூஞ்சணம் அதனை உண்கிறது. உள்ளிருக்கும் வெள்ளி மெல்ல மேற்பரப்புக்கு வந்து, ரசம் பூசியதுபோல் பளபளக்கிறது.

இங்கேதான் நானோ நுட்பம் நம்பிக்கை தருகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். அவ்வளவு நுண்ணிய துகள்கள், தூரிகை எட்டாத இடத்தையும் எட்டும். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் நானோ சுண்ணத் துகள்களால் பழைய சுவரோவியங்களுக்கு உறுதியூட்டினர். பூஞ்சணத்தைத் தடுக்கவும், கண்ணாடிக்கு மெல்லிய காப்புறை இடவும் இத்தகைய பொருள்கள் ஆராயப்படுகின்றன.

எனினும், நுழைவது எளிதாயின் வெளியேற்றுவது அரிது என்பதை மறத்தலாகாது. துளைகளுக்குள் ஊடுருவிய துகளை நாளை வேண்டாமென்று திரும்ப எடுக்க இயலுமா? மேலும், அக்காலப் புகைப்படக் கலைஞர்கள் நெகடிவின்மீதே பென்சிலால் திருத்தி, முகத்தின் தழும்பை மறைத்தனர், நிறத்தைக் கூட்டினர். அக்கோடுகளை அழுக்கென்று கருதித் துடைத்தால், அம்மனிதர் தம்மை எவ்வாறு காட்ட விரும்பினார் என்பதற்கான சான்றையே துடைத்தவராவோம்.

பின்வரும் சீரமைப்புக்கு எந்தச் சீரமைப்பும் தடையாகலாகாது என்று இத்தாலியச் சிந்தனையாளர் செசாரே பிராண்டி 1963-இல் வலியுறுத்தினார். இது வெறும் தொழில் விதியன்று, அறமுமாகும். படத்திலுள்ளோர் இறந்துவிட்டனர், அதனைக் காணவிருப்போர் இன்னும் பிறக்கவில்லை. இருசாராரிடமும் நாம் அனுமதி கேட்க முடியாது. பேச இயலாதவரின் உடைமையைக் கையாள்பவர், தம் அறிவே இறுதியானதென்று எண்ணுதல் தகுமா?

அப்படியாயின் கைகட்டி நின்று அழியவிடுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. தயக்கமும் சில வேளை சோம்பலுக்குப் போர்வையாகிவிடும். ஆகவே செய்யவேண்டியவற்றில் ஒரு வரிசை வேண்டும். முதலில் படியெடுத்தல், அடுத்து, அமிலமற்ற காகித உறையிலிட்டு ஈரமற்ற இடத்தில் தகடுகளை நிமிர்த்தி வைத்தல். புதிய பொருளை முதலில் படமற்ற உடைசல்களில் சோதித்தல். வேறு வழியின்றி இழப்பு உறுதியெனத் தெரிந்தபின்னரே மூலத்தகட்டைத் தொடுதல். செய்தது யாது என்பதை எழுதிவைத்தல்.

நம் வீட்டுப் பரணிலும் இத்தகைய தகடுகள் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைக்கும் ஆசையை அடக்கி, காகிதத்தில் சுற்றி, அதிலிருப்பவர் யாரென்று பெரியவர்களைக் கேட்டு உறையின்மேல் எழுதிவைப்போம். பெயரற்றுப் போன முகத்தை எந்த நானோ துகளும் மீட்டுத் தராது.